வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சிக்கன விலையில் எஸ்.எஸ்.டி. – வாங்கும் முறையும் மாட்டும் முறையும்



2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு, கம்ப்யூட்டர் இல்லாமல் வியாபாரம் செய்வது மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் இயலாத காரியமாகிவிட்டது. கீழமாசி வீதியில் கிட்டங்கி வைத்திருப்பவரும், கீழக்குயில்குடி, நாகமலை புதுக்கோட்டை போன்ற ஊர்களில் பலசரக்குக் கடை நடத்துபவரும், கடையைப் பூட்டிய பிறகு வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் அன்றைய பற்று வரவை ஏற்றுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பும் அதே பெட்டியில்தான். மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும்போது அந்தப் பெட்டி சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடமாகியும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வரும் எரிச்சலை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த நிலையில் பலர் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்துப் புதிய கம்ப்யூட்டர் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான பெட்டிகளில் குறை ஒரே ஒரு உறுப்பில்தான் இருக்கிறது. அதுதான் ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் சாலிட் ஸ்டேட் டிரைவை மாட்டினால், பழைய பெட்டியே இன்னும் சில ஆண்டுகள் நல்ல வேலை செய்யும். ஆனால் சந்தையில் நல்ல சரக்கும் இருக்கிறது, கழிவும் இருக்கிறது. மேலும், மாட்டும் வேலையில் அவசரப்பட்டால் ஆறு வருடக் கணக்கு ஒரு நொடியில் போய்விடும். ஆகவே வரிசையாகப் பார்ப்போம்.

பழைய டிஸ்க் ஏன் தாமதிக்கிறது?

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கிராமபோன் தட்டுபோலத் தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் ஒரு சிறிய கை நகர்ந்து, வேண்டிய இடத்தில் நின்று படிக்கிறது. சாதாரண மேசைக் கம்ப்யூட்டரில் உள்ள டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 120 சுற்று. கை இடம் மாறும் நேரத்தையும், தட்டு சுற்றி வரக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு தகவலை எடுக்கச் சராசரியாக ஒரு நொடியில் ஆயிரத்தில் 13 பங்கு ஆகிறது. கேட்பதற்கு இது மிகக் குறைவுதான். ஆனால் கம்ப்யூட்டர் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்க வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் முறை எடுக்க வேண்டுமானால் 130 நொடி, அதாவது இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகும்.

கிட்டங்கியில் சரக்கு எடுக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அடுக்கியுள்ள ஐம்பது மூட்டையை அவர் விரைவில் இறக்கிவிடுவார். கடுகு ஒரு மூலையிலும் வெந்தயம் ஒரு மூலையிலும் இருந்து, கால் கிலோ கால் கிலோவாக நூறு பொட்டலம் கேட்டால் நடையிலேயே பொழுது போய்விடும். ஹார்டு டிஸ்க் படும் பாடு இதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. சில்லுகளில் உள்ள நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகத் தகவல் தங்கியிருக்கிறது. எந்த அறையையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டலாம். மேற்சொன்ன பத்தாயிரம் முறை எடுக்கும் வேலைக்குச் சிக்கன ரக டிரைவுக்கே ஒன்றிரண்டு நொடி போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் திறந்த பெட்டி அரை நிமிடத்துக்குள் திறப்பது இதனால்தான்.

சிறு வரலாறு

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரமான ராமாக்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று செல்போனில் எடுக்கும் இரண்டு படங்களுக்கு அது போதாது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் பிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். 1988-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டுப் பின்னர் சான்டிஸ்க் என்று பெயர் பெற்ற நிறுவனம், 1991-இல் 20 எம்.பி. கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி.யை ஐ.பி.எம்.முக்குச் செய்து கொடுத்தது. அன்று அதன் விலை சுமார் ஆயிரம் டாலர். அந்நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. ஆயிரம் டாலருக்கு 20 எம்.பி. விற்ற பொருள், இன்று சாதாரணக் குடும்பம் வாங்கும் விலைக்கு வந்திருக்கிறது.

செலவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, தாமதத்துக்குக் காரணம் டிஸ்க்தானா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்று, சி.பி.யு. குறைவாக இருந்தால், எஸ்.எஸ்.டி. மாட்டினால் குணம் தெரியும். மெமரி என்ற இடம் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ராம் போதவில்லை. 4 ஜி.பி. ராம் உள்ள பெட்டியில் எஸ்.எஸ்.டி. மட்டும் மாட்டினால் பாதிப் பலன்தான் கிட்டும். அதை 8 ஜி.பி. ஆக்குவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, பெட்டியின் வயது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017-இல். அதற்கு முந்திய பெட்டியில் எஸ்.எஸ்.டி. மாட்டினால் வேகம் கூடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதற்கு அது உதவாது. பேங்க் வேலையும் ஜி.எஸ்.டி. தளத்து வேலையும் அந்தப் பெட்டியில்தான் நடக்கிறது என்றால் இதை யோசித்தே ஆக வேண்டும். அவ்வாறு பழைய பெட்டி வைத்திருப்பவர் 2.5 அங்குல ரக எஸ்.எஸ்.டி. வாங்கினால் பணம் வீணாகாது. பின்னால் வேறு மேசைக் கம்ப்யூட்டர் வாங்கும்போது இதையே கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

எந்த ரகம் நம் பெட்டியில் சேரும்?

கடையில் மூன்று ரகம் காட்டுவார்கள்.

ஒன்று, 2.5 அங்குல சாட்டா டிரைவ். சிறு தீப்பெட்டிக் கட்டைத் தட்டையாக்கியதுபோல இருக்கும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த ஏறக்குறைய எல்லா மேசைக் கம்ப்யூட்டர்களிலும், ஹார்டு டிஸ்க் இருந்த லேப்டாப்புகளிலும் இது சேரும். இதன் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்.பி.

இரண்டாவது, எம்.2 வடிவில் வரும் சாட்டா டிரைவ். சூயிங்கம் பட்டைபோல 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பலகை. வடிவம் மாறியதே தவிர, வேகம் முதல் ரகத்தைப் போன்றதுதான்.

மூன்றாவது, அதே எம்.2 வடிவில் வரும் என்.வி.எம்.இ. டிரைவ். இது சாட்டாவைவிடப் பல மடங்கு வேகமானது.

இரண்டாவதும் மூன்றாவதும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். ஆனால் ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். ஆகவே நம் மதர்போர்டின் மாடல் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய், எம்.2 துளை இருக்கிறதா, இருந்தால் எந்த ரகத்தை ஏற்கும் என்று கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பில் போடுவது, கணக்கு ஏற்றுவது, பிள்ளைகளின் பாடம் ஆகிய வேலைகளுக்குச் சாட்டாவே தாராளம். புதிய பெட்டியாக இருந்து, இரண்டுக்கும் விலை ஒன்றாக இருந்தால் என்.வி.எம்.இ. வாங்கலாம்.

எத்தனை ஜி.பி.?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜி.பி. வேண்டும் என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. நடைமுறையில் 120 ஜி.பி. டிரைவ் விரைவில் நிரம்பிவிடும். வீட்டுக்கும் கணக்குக்கும் 240 அல்லது 256 ஜி.பி. போதும். புகைப்படம், வீடியோ அதிகம் வைப்பவர் 480 அல்லது 512 வாங்கலாம். டிரைவை முழுக்க நிரப்பினால் வேகம் இறங்கும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விட்டு வைப்பது நல்லது.

240 ஜி.பி. வாங்கி மாட்டியபின் திரையில் 223 என்று காட்டினால் கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார். விண்டோஸ் 1024-இன் மடங்காக எண்ணுகிறது. சின்னப் படியால் அளந்த அரிசியைப் பெரிய படியால் அளந்தால் எண்ணிக்கை குறைவது போலத்தான். 480 என்பது 447 என்று காட்டும்.

மலிவுச் சரக்கில் எங்கே குறைக்கிறார்கள்?

ஒரு அறையில் எத்தனை தகவலைத் திணிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ரகம் பிரிகிறது. டி.எல்.சி. என்பதில் ஒரு அறைக்கு மூன்று தகவல். இதற்கு மின்னூட்டத்தின் அளவை எட்டு நிலையாகப் பிரித்துப் படிக்க வேண்டும். கியூ.எல்.சி. என்பதில் நான்கு தகவல், பதினாறு நிலை. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று கோடு கிழித்தால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். அதே படியில் பதினாறு கோடு கிழித்தால் கோடுகள் நெருங்கி, பார்ப்பவர் தடுமாறுவார். பாத்திரம் தேயத் தேயத் தடுமாற்றம் கூடும். ஆகையால் கியூ.எல்.சி. மலிவாக இருந்தாலும் எழுதும் வேகமும் ஆயுளும் குறைவு. கணக்கு ஏற்றும் பெட்டிக்கு டி.எல்.சி. கேட்டு வாங்குவது நல்லது. சில தயாரிப்பாளர்கள் எந்த ரகம் என்றே அட்டைப் பெட்டியில் போடுவதில்லை. சந்தேகமிருந்தால் அடுத்த கம்பெனிச் சரக்கைப் பார்க்கலாம்.

இரண்டாவது குறைப்பு, டிரைவின் உள்ளே இருக்க வேண்டிய டி.ராம் என்ற சிறு நினைவகம். தகவல் எந்த அறையில் இருக்கிறது என்ற பேரேட்டை அதில்தான் வைக்கிறார்கள். சிக்கன ரகங்களில் அது இருக்காது. பெரிய கோப்புகளைத் தொடர்ந்து நகல் எடுக்கும்போது வேகம் சட்டென்று இறங்குவது தெரியும். பில் போடும் வேலைக்கு இது பெரிய குறை இல்லை.

மூன்றாவது, ஆயுள். பிளாஷ் அறைகளில் எழுதி அழிக்க ஒரு எல்லை உண்டு. மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்று தயாரிப்பாளரே டி.பி. கணக்கில் குறித்திருப்பார். உதாரணமாக, கிங்ஸ்டன் ஏ400, குருஷியல் பி.எக்ஸ்.500 ஆகிய சிக்கன ரகங்களின் 240 ஜி.பி. டிரைவுக்கு 80 டி.பி. என்று குறித்திருக்கிறார்கள். இதைக் கணக்குப் பார்ப்போம்.

வீட்டு உபயோகத்தில் நாளொன்றுக்கு 10 ஜி.பி. எழுதப்படுவதாக வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 3.65 டி.பி. 80 டி.பி. தீர ஏறத்தாழ 22 ஆண்டு ஆகும். நாளுக்கு 30 ஜி.பி. எழுதினாலும் ஏழு ஆண்டுக்கு மேல் வரும். ஆகவே கணக்குப் பெட்டிக்கு ஆயுளைப் பற்றிய பயம் வேண்டாம்.

ஆனால் கண்காணிப்புக் கேமராவின் பதிவை இதே டிரைவில் வைத்தால் கதை வேறு. நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒன்று நாளுக்கு 21.6 ஜி.பி. எழுதும். நான்கு கேமராவுக்கு 86.4 ஜி.பி. வருடத்துக்கு 31.5 டி.பி. இரண்டரை ஆண்டில் 80 டி.பி. தீர்ந்துவிடும். கேமரா பதிவுக்குச் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இன்றும் சிக்கனம்.

விலை, பில், வாரன்ட்டி

விலையை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. மெமரிச் சில்லுகளின் விலை மிளகு, வத்தல் விலைபோல ஏறி இறங்கும் தன்மை உடையது. உலகத்தில் இவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவர்கள் உற்பத்தியைக் குறைத்தால் ஏறும், கூட்டினால் இறங்கும். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு ஏராளமாக வாங்கப்பட்டதால் விலை கடுமையாக ஏறியது. ஆகவே சென்ற வருட விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசிப் பயனில்லை. உள்ளூரில் இரண்டு கடை, இணையத்தில் ஒரு கடை என்று அன்றைய விலையைக் கேட்டு, ஒரு ஜி.பி.க்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் மலிவு என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பி வாங்குவோரும் உண்டு. ஒரே ஒரு டிரைவுக்கு அது கட்டாது. பழுதானால் மாற்றித் தர உள்ளூர்க் கடைக்காரர்தான் கைகொடுப்பார்.

எஸ்.எஸ்.டி.க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வியாபாரத்துக்காக வாங்குவதானால் நமது ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் வாங்க வேண்டும். முறையான பதிவு உள்ளவர் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவருக்கு அது கிடையாது. வரித் தொகையையும் சேர்த்துச் சொத்து மதிப்பாகக் காட்டித் தேய்மானம் கோரினாலும் கழிவு கிடைக்காது. இதை உங்கள் கணக்காளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பில்லில் டிரைவின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். சிக்கன ரகங்களுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு வாரன்ட்டி. வாரன்ட்டி என்பது டிரைவுக்குத்தான், உள்ளே இருக்கும் கணக்குக்கு இல்லை. பழுதான டிரைவைக் கொடுத்தால் வேறு டிரைவ் தருவார்கள். நம் பற்று வரவு திரும்பி வராது.

போலிச் சரக்கை அறிவது

பெயர் தெரியாத கம்பெனியின் 2 டி.பி. டிரைவ் சில நூறு ரூபாய்க்கு என்று விளம்பரம் வந்தால் தொடவே வேண்டாம். இப்படிப்பட்ட பெட்டியைத் திறந்தால் உள்ளே சிறு மெமரி கார்டு ஒன்று ஒட்டியிருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். திரையில் 2 டி.பி. என்று காட்டும்படி செய்திருப்பார்கள். உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும், மேற்கொண்டு ஏற்றுவது எல்லாம் அழிந்துகொண்டே போகும்.

இன்னொரு வகை மோசடி, கழற்றிய பழைய டிரைவைத் துடைத்துப் புதியதாக விற்பது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், டிரைவ் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை சுவிட்ச் போடப்பட்டது என்பது தெரியும். புதிய டிரைவில் இவை பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் மணி காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள். எடைக்கல்லில் முத்திரை பார்ப்பதுபோல இதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மாட்டுமுன் செய்ய வேண்டியவை

1. கணக்கு மென்பொருளின் தரவு முழுவதையும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று பென் டிரைவ், மற்றொன்று வெளி ஹார்டு டிஸ்க் அல்லது இணையச் சேமிப்பு. நகல் எடுத்ததோடு விடாமல், வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, கடைசிப் பில் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. கணக்கு மென்பொருளின் உரிமம் கம்ப்யூட்டரோடு பிணைக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்றுமுன் உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் பின்னர் மீண்டும் பெற வேண்டிய மென்பொருள்கள் உண்டு. விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பழைய பில் மாதிரிகளில் நாம் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்களையும் நகல் எடுங்கள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியல், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கிறுக்கலாகத் தெரியும்.

4. பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றுக்கான மென்பொருளையும், கடவுச்சொற்களையும் எடுத்து வையுங்கள். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாற்றுவதால் அது போகாது.

5. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்தில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். 20-ஆம் தேதி கழிந்த ஞாயிற்றுக்கிழமை உகந்தது.

பழையதை அப்படியே மாற்றுவதா, புதிதாக ஏற்றுவதா?

பழைய டிஸ்க்கில் உள்ளதை அச்சு மாறாமல் புதியதில் நகல் எடுப்பதைக் குளோனிங் என்கிறார்கள். இதற்கு யு.எஸ்.பி. - சாட்டா கேபிள் ஒன்றும், குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளும் போதும். கணக்கு, பிரிண்டர் எல்லாம் இருந்தபடியே இருக்கும் என்பது இதன் வசதி. பழைய டிஸ்க் 1000 ஜி.பி., புதியது 240 ஜி.பி. என்றால் முதலில் பழையதில் உள்ள படங்களை வேறிடம் மாற்றிப் பகுதியைச் சுருக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர் இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நலம்.

பழைய டிஸ்க்கில் வைரஸ், தேவையற்ற மென்பொருள் மண்டிக் கிடந்தால் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே சிறந்தது. பழைய கிட்டங்கியின் எலியையும் சேர்த்துப் புதுக் கிட்டங்கிக்குக் கொண்டு போவானேன்? டிஸ்க்கில் கடகடவென்று சத்தம் வந்தால் குளோனிங் செய்ய முயல வேண்டாம். அதில் இருக்கும் கணக்கை மட்டும் முதலில் காப்பாற்றுங்கள்.

மாட்டும் முறை

1. கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தி, சுவிட்சை அணைத்து, மின்கம்பியை உருவிவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

2. பின்புறத் திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுங்கள். பெட்டியின் வெறும் இரும்புப் பாகத்தைக் கையால் தொட்டபின் டிரைவைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும்.

3. பழைய டிஸ்க்கில் இரண்டு கேபிள் மாட்டியிருக்கும். ஒல்லியானது மதர்போர்டிலிருந்து வருவது, அகலமானது பவர் சப்ளையிலிருந்து வருவது. இரண்டின் முனையும் வளைந்த மூலை கொண்டவை. ஒரு பக்கமாகத்தான் நுழையும், நெருக்க வேண்டாம்.

4. எஸ்.எஸ்.டி.யைச் சட்டத்தில் திருகி மாட்டுங்கள். மேசைக் கம்ப்யூட்டரில் 3.5 அங்குல இடம்தான் இருக்கும் என்பதால் சிறு தாங்கி ஒன்று வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும். நகரும் உறுப்பு இல்லாததால் டிரைவ் எந்தக் கோணத்தில் இருந்தாலும் கேடில்லை.

5. எம்.2 ரகமானால், பலகையைச் சற்றுச் சாய்வாகத் துளையில் செருகி, மெல்லக் கீழே அழுத்தி, முனையில் உள்ள சிறு திருகை முடுக்க வேண்டும். அளவுக்கு மேல் முறுக்கினால் பலகை வளையும். லேப்டாப்பானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

6. குளோன் செய்திருந்தால் முதல்முறை திறக்கும்போது பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் குழப்பம் வரும்.

7. கம்ப்யூட்டரைப் போட்டு பயாஸ் திரையில் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. என்று இருக்க வேண்டும். பழைய விண்டோஸ் வேறு முறையில் ஏற்றப்பட்டிருந்தால், இதை மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

8. விண்டோஸ் திறந்ததும் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற இடத்தில் இது சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பழைய வழக்கப்படி டிஃபிராக் செய்யும் மென்பொருளை ஏற்றி ஓட்ட வேண்டாம். எஸ்.எஸ்.டி.க்கு அதனால் பயனில்லை, தேய்மானம்தான் மிஞ்சும்.

பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிட வேண்டாம். ஒரு மாதக் கணக்கும் ஒரு ரிட்டர்னும் ஒழுங்காக முடியும் வரை அப்படியே தனியே வைத்திருங்கள். அதன் பின் யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு நகல் எடுக்கப் பயன்படுத்தலாம். காயலான் கடைக்குப் போடுவதானால், நம் பான், ஆதார் நகல்களும் வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலும் அதில் இருக்கும் என்பதை மறந்துவிடாமல், முழுவதும் துடைத்த பிறகு போடுங்கள்.

வேகம் வந்தபின் வரும் ஆபத்து

ஹார்டு டிஸ்க் கெடுமுன் பெரும்பாலும் சத்தம் போட்டு, தடுமாறி, எச்சரிக்கை கொடுக்கும். எஸ்.எஸ்.டி. நேற்று இரவு வரை நன்றாக ஓடி, இன்று காலை அறவே தெரியாமல் போகலாம். அழித்த கோப்பை மீட்பதும் இதில் கடினம். டிரிம் என்ற ஏற்பாட்டின்படி, அழித்த இடத்தை டிரைவ் தானே காலி செய்துவிடும். மேலும் சிக்கன ரகங்களில் மின்சாரம் திடீரென்று நின்றால் கைவசமுள்ள தகவலை எழுதி முடிக்கத் தேவையான மின்தேக்கி வைத்திருப்பதில்லை. ஆகவே யு.பி.எஸ். இல்லாமல் கணக்கு ஏற்றுவது கூடாது.

எஸ்.எஸ்.டி.யில் கணக்கை ஏற்றிக் கழற்றிப் பீரோவில் பல வருடம் பூட்டி வைப்பதும் சரியல்ல. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அறைகளில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் எல்லை தீர்ந்த வீட்டு உபயோக டிரைவ், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் உலக அளவிலான தர நிர்ணயம். புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். இருந்தாலும் நம் மதுரை வெயில் 30 டிகிரியோடு நிற்பதில்லை.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2024-25 ஆண்டுக் கணக்குக்கு அந்தத் தேதி 2025 டிசம்பர் 31. ஆகவே 2031 டிசம்பர் 31 வரை அது நம்மிடம் இருக்க வேண்டும். மூன்று வருட வாரன்ட்டி உள்ள பொருளை நம்பி ஆறு வருடப் பொறுப்பை நிறைவேற்ற முடியாது. சட்டம் ஒருபுறமிருக்க, ஊரில் நிற்கும் பாக்கி எவ்வளவு என்று சொல்லும் ஒரே ஏடு அது. அது போனால் கடன் வாங்கியவரின் மனசாட்சியைத் தவிர நமக்குச் சாட்சி இல்லை.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வணிகர்கள் எழுதி வைத்த ஏடு கல்லாக நிற்கிறது. மாங்குளம் மலையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், செய்த அறத்தைக் குறிக்கிறது. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. கீழக்குயில்குடி சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வட்டெழுத்துகளை இன்றும் காணலாம். கல்லில் வெட்டியதற்கு மறுநகல் தேவைப்படவில்லை. நாம் எழுதுவதோ மின்னூட்டத்தில். ஆகவே நகல் ஒன்றே வழி.

நகல் எடுக்கும் ஒழுங்கு

கணக்கு எப்போதும் மூன்று இடத்தில் இருக்கட்டும். அதில் இரண்டு வெவ்வேறு வகைப் பொருளாக இருக்கட்டும். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். நடைமுறையில் இதைக் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

நாள்தோறும்: கணக்கு முடித்ததும் பென் டிரைவில் நகல். ஒரே பென் டிரைவில் மேலுக்கு மேல் எழுதாமல், இரண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரந்தோறும்: பழைய ஹார்டு டிஸ்க்கில் நகல். எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். எந்நேரமும் செருகியே இருந்தால், கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

மாதந்தோறும்: ரிட்டர்ன் தாக்கல் செய்த அன்று ஒரு நகல் கடையிலோ, உறவினர் வீட்டிலோ, இணையச் சேமிப்பிலோ. அன்றே ஏதாவது ஒரு நகலை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணக்கட்டுக்குச் சமம்.

சுருக்கமாக

தாமதத்துக்குக் காரணம் டிஸ்க்தானா என்று உறுதி செய்யுங்கள். பெட்டியின் வயதைப் பாருங்கள். துளைக்கேற்ற ரகம், 240 ஜி.பி.க்குக் குறையாத அளவு, பெயருள்ள கம்பெனி, சீரியல் எண் போட்ட பில் ஆகிய நான்கையும் விடாதீர்கள். மாட்டுமுன் இரண்டு நகல், மாட்டியபின் மூன்று இடத்தில் கணக்கு. இவ்வளவும் செய்தால் சிறு செலவில் பழைய பெட்டி புதுப்பெட்டியாகும், இரவில் ஒரு மணி நேர உறக்கமும் மிச்சமாகும்.

பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்திருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்து, நகல் எடுக்கும் பொறுப்பை மட்டும் உரிமையாளர் தம் கையில் வைத்துக்கொள்வது உத்தமம். கல்லாச் சாவியைப் போல அதுவும் ஒரு சாவிதான்.